வீட்டுக் கணக்கும் விரிதாளும்
(இளைஞர்க்கும் இல்லத்தார்க்கும் ஒரு கணிதப் பாடம்)



நம் முன்னோர் பெரும்பாலும் உழவர்கள். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு, அறுவடைக்கு அறுவடை வரவு கண்டு வாழ்ந்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று மாதந்தோறும் ஊதியம் பெறும் தொழிலாளராகவும் பொறியாளராகவும் உள்ளனர். அப்படி வேலை தேடிச் செல்லும் இடங்களுள் முதன்மையானது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் மண்டலம்.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஓர் ஊரின் மக்கள்தொகையையே ஒரு விடுதி கொள்கின்றது என்றால், அங்கு மாதந்தோறும் எவ்வளவு ஊதியம் பட்டுவாடா ஆகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊதியம் ஈட்டும் கலையைத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பொறியியற் கல்லூரிகளும் கற்பிக்கின்றன. ஈட்டிய ஊதியத்தைக் கணக்கிட்டு ஆளும் கலையைக் கற்பிப்பார் அரியர். அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எட்டாம் வகுப்புக் கணிதமும், கைப்பேசியிலேயே கிடைக்கும் விரிதாளும் இதற்குப் போதும்.

பேரேட்டிலிருந்து விரிதாளுக்கு

கணிதத்தை வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணிதப் பேரறிஞர் மகாவீராசாரியர், தம் 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில் அசல், வட்டி, காலம் ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்றைக் கண்டறியும் கணக்குகளுக்கென்றே விரிவாக இடம் ஒதுக்கினார். அந்நூலைப் பேராசிரியர் ம. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வட்டிக் கணக்கு அறிஞர்தம் கருத்தைக் கவர்ந்த பொருளாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

நம் பாட்டனார் காலத்தில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதுவர். சிட்டையிலிருந்து பேரேட்டிற்கு ஏற்றுவர். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பர். விரிதாள் என்பது இப்பேரேட்டின் வழித்தோன்றலே. 1979இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய அமெரிக்கர் இருவர் 'விசிகால்க்' என்னும் முதல் விரிதாள் செயலியைத் தந்தனர். 1983இல் 'லோட்டஸ் 1-2-3', 1985இல் 'எக்செல்' ஆகியன வந்தன. இன்று 'கூகுள் ஷீட்ஸ்', 'லிப்ரே ஆபிஸ் கால்க்' போன்றவை செலவின்றிக் கிடைக்கின்றன.

பேரேட்டிற்கும் விரிதாளுக்கும் வேறுபாடு ஒன்றே. பேரேட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதன்கீழ் உள்ள கூட்டுத்தொகை அனைத்தையும் நாமே அழித்து எழுதவேண்டும். விரிதாளில் ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறிக்கொள்ளும். ஆகவே 'இவ்வாறு நடந்தால் என்னாகும்?' என்று நூறு முறை கேட்டுப் பார்க்கலாம். நடந்ததை எழுதி வைப்பது பேரேடு. நடக்கவிருப்பதையும் கேட்டறிய உதவுவது விரிதாள்.

முதற்பாடம்: எத்தனை மாதம் தாங்கும்?

என் தமக்கையின் மகன் ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்த முறையில் பணியாற்றுகிறான். நண்பர் மூவருடன் ஓர் அறையில் தங்கியிருக்கிறான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, "மாமா, மாதம் இருபத்திரண்டாயிரம் கைக்கு வருகிறது. எங்கே போகிறதென்றுதான் தெரியவில்லை" என்றான். ஓய்வுபெற்ற கணித ஆசிரியனாகிய எனக்கு இது நல்ல வாய்ப்பாயிற்று. இருவரும் அமர்ந்து விரிதாளில் எழுதினோம்.

கைக்கு வரும் ஊதியம் ரூ. 22,000
அறை வாடகைப் பங்கு ரூ. 3,000
உணவு ரூ. 4,000
போக்குவரத்து, கைப்பேசி, பிற ரூ. 2,000
வீட்டிற்கு அனுப்புவது ரூ. 5,000
இருசக்கர வாகனக் கடன் தவணை ரூ. 5,167
எஞ்சுவது ரூ. 2,833

வங்கியில் அவன் சேமிப்பு ரூ. 70,000 இருந்தது. இதன்கீழ் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதற்கு 'தாங்கும் மாதம்' என்று பெயரிட்டோம். சேமிப்பை, மாதந்தோறும் தவிர்க்க முடியாத செலவினால் வகுக்கவேண்டும், அவ்வளவே. தவிர்க்க முடியாதது ரூ. 14,000, தவணையுடன் ரூ. 19,167. 70,000ஐ 19,167ஆல் வகுத்தால் 3.65. ஊதியம் நின்றுவிட்டால் மூன்றரை மாதத்திற்குச் சற்று மேல் தாங்கும் என்பது பொருள்.

ஊதியம் ஏன் நிற்கப்போகிறது என்று கேட்கலாம். இம்மண்டலத்தின் வரலாறே விடை கூறும். 2006 முதல் ஆயிரக்கணக்கான இளைஞர்க்கு வேலை தந்த நோக்கியா ஆலை, வரித் தகராறு காரணமாக 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்குக் கைமாறவில்லை. வாங்குவோர் கோருவதை நிறுத்தவே, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாளுடன் உற்பத்தி நின்றது. அதற்கு முன்னரே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் தொகை பெற்று வெளியேறியிருந்தனர். அவருள் மிகப் பலர் முப்பது வயதையும் எட்டாதவர். பள்ளிப்படிப்பு முடிந்தவுடன் சேர்ந்தவர். வேறு வேலை அறியாதவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களுக்கும் மேலாக நீடித்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பொருள். எப்பக்கம் நியாயம் இருப்பினும், மாதத்தின் முதல் தேதியில் வாடகை கேட்கப்படும் என்பது கணக்கு.

ஆதலின் 'தாங்கும் மாதம்' என்னும் எண் ஆறினை எட்டும்வரை அதனையே முதற் குறிக்கோளாகக் கொள்க. ஒப்பந்தத் தொழிலாளர் இதனைக் கண்டிப்பாகப் பின்பற்றுதல் நலம்.

இரண்டாம் பாடம்: பன்னிரண்டு எப்படி இருபத்தொன்றரை ஆயிற்று?

"வாகனக் கடனுக்கு வட்டி எவ்வளவு?" என்று வினவினேன். "பன்னிரண்டுதான் மாமா. வங்கியை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்" என்றான். கடன் ரூ. 1,00,000, காலம் 24 மாதம். ஆண்டுக்கு 12,000 வீதம் ஈராண்டு வட்டி 24,000. அசலும் வட்டியும் 1,24,000. அதனை 24ஆல் வகுத்தால் மாதத் தவணை ரூ. 5,166.67. கணக்கு நேராகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பிழை எங்கே?

அவன் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துகொண்டே வருகிறான். ஆனால் வட்டியோ, ஈராண்டும் முழு ஒரு லட்சமும் அவன் கையிலேயே இருந்ததுபோலக் கணக்கிடப்பட்டுள்ளது. இதனை 'நிலை வட்டி' என்பர். கடைசி மாதத்தை நோக்குக. அப்போது நிற்கும் அசல் ரூ. 4,167 மட்டுமே. அதற்கும் அம்மாத வட்டி ரூ. 1,000. அதாவது அந்த ஒரு மாதத்திற்கு நூற்றுக்கு 24!

மெய்யான வட்டியைக் காண விரிதாளில் ஆறு பத்திகள் அமைக்கவேண்டும். ஏ – மாதம். பி – தொடக்க இருப்பு. சி – வட்டி. டி – தவணை. இ – அசலில் கழிவது. எஃப் – முடிவு இருப்பு. தனியே எச்1 என்னும் கட்டத்தில் மாத வட்டி வீதத்தை எழுதுக. பின்னர், ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டிய சூத்திரங்கள் இவை:

சி2 : =பி2*$எச்$1
இ2 : =டி2-சி2
எஃப்2 : =பி2-இ2
பி3 : =எஃப்2

எச்1க்கு முன்னும் இடையிலும் உள்ள டாலர் குறி, சூத்திரத்தைக் கீழ்நோக்கிப் படி எடுக்கும்போது அக்கட்டம் நகராமல் நிலைநிற்கச் செய்வது. பி2இல் கடன் தொகையையும், டி பத்தியில் தவணையையும் எழுதி, 24 மாதத்திற்குக் கீழே படி எடுத்துக்கொள்க.

இனித்தான் சுவை. 24ஆம் மாத முடிவு இருப்பு சுழியாக வேண்டும். எந்த வட்டி வீதத்திற்கு அது சுழியாகும் என்பதே வினா. எச்1இல் மாதம் 1 விழுக்காடு (ஆண்டுக்கு 12) என எழுதிப் பார்த்தோம். முடிவு இருப்பு, குறை 12,389 என வந்தது. அதாவது உண்மையிலேயே வட்டி பன்னிரண்டாக இருந்திருப்பின், இவன் அவ்வளவு தொகை மிகுதியாகக் கட்டியிருப்பான். 2 விழுக்காடு என எழுதினோம். இருப்பு, கூடுதல் 3,664. ஆகவே விடை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் உள்ளது, இரண்டுக்கே அணித்தானது. 1.8 என எழுதியவுடன் இருப்பு ஏறத்தாழ 40 ரூபாய் அளவிற்கு இறங்கிவிட்டது. இன்னும் நுணுக்கினால் 1.7976. பன்னிரண்டால் பெருக்க, ஆண்டுக்கு 21.57 விழுக்காடு.

முதல் மூன்று மாதங்கள், 1.8 விழுக்காட்டில், இவ்வாறு அமையும்:

முதல் மாதம்: தொடக்கம் 1,00,000, வட்டி 1,800, அசல் 3,367, முடிவு 96,633
இரண்டாம் மாதம்: தொடக்கம் 96,633, வட்டி 1,739, அசல் 3,428, முடிவு 93,205
மூன்றாம் மாதம்: தொடக்கம் 93,205, வட்டி 1,678, அசல் 3,489, முடிவு 89,716

முயன்று பார்க்கும் பொறுமை இல்லாதோர்க்கு 'ரேட்' என்னும் கட்டளை உண்டு. தவணைகளின் எண்ணிக்கை, குறைக் குறியுடன் தவணைத் தொகை, கடன் தொகை ஆகிய மூன்றையும் அதற்குத் தந்தால் மாத வட்டியை நொடியில் கூறிவிடும். எனினும் ஒருமுறையேனும் கையால் முயன்று பார்த்தவரே அதன் உட்பொருளை உணர்வர்.

இன்னும் ஒன்று. 'ஆவணக் கட்டணம்' என்று ரூ. 3,000 முன்னதாகப் பிடித்திருந்தனர். கைக்குக் கிடைத்தது ரூ. 97,000 மட்டுமே. பி2இல் 97,000 என மாற்றினோம். மெய்யான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 24.8 விழுக்காடாக உயர்ந்தது. கேட்டது பன்னிரண்டு, கட்டுவது அதனினும் இருமடங்கு! பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "படித்தவன்தானே மாமா நான், எனக்கு ஏன் இது தோன்றவில்லை?" என்றான். தோன்றாததில் வியப்பில்லை, அவனுக்கு இதனை எந்த வகுப்பிலும் எவரும் காட்டவில்லை.

இவ்விடத்தில் ஒரு நல்ல செய்தி. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்க்கு வழங்கும் புதிய கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கட்டாயம் தரவேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விழுக்காட்டு வீதம் அதில் இருக்கும். கையொப்பமிடுமுன் அத்தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஓர் எண்ணை மட்டும் படியுங்கள். இரு நிறுவனங்களை ஒப்பிட அவ்வெண்ணே அளவுகோல்; விளம்பரப் பலகையில் காண்பது அன்று.

நூறு நாள் தண்டல்

ஆலைகளைச் சூழ்ந்து வாழும் சிறுகடைக்காரர், உணவு விடுதியாளர் ஆகியோரிடையே வழங்குவது தண்டல். பத்தாயிரத்திற்கு எழுதி, ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு, 8,500 கையில் தருவர். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். 'நூற்றுக்குப் பதினைந்து' என்றே வாங்குவோர் எண்ணுகின்றனர்.

மேற்கண்ட அட்டவணையையே மாதத்திற்குப் பதில் நாள் எனக்கொண்டு நூறு வரிகள் நீட்டிப் பாருங்கள். நாள் வட்டி 0.3314 விழுக்காடு எனில் நூறாம் நாள் இருப்பு சுழியாகும். 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 121 விழுக்காடு. அவசரத்திற்கு ஒருமுறை வாங்குவது வேறு. ஒரு தண்டல் முடியுமுன் மறு தண்டல் வாங்கி ஆண்டு முழுதும் ஓட்டுபவர், தம் உழைப்பின் பெரும்பகுதியைப் பிறர்க்குத் தருகிறார் என்பதை இவ்வெண் காட்டும்.

மூன்றாம் பாடம்: தொடாமல் விட்ட தொகை

கூட்டுவட்டி கடன்பட்டவனை வாட்டுவது போன்றே சேமிப்பவனை வாழ்விக்கும். தொழிலாளர்க்கு இதன் கண்கூடான சான்று வருங்கால வைப்பு நிதி.

அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ. 15,000 பெறும் ஒருவரைக் கொள்வோம். அவர் பங்கு நூற்றுக்கு 12, அதாவது ரூ. 1,800. நிறுவனத்தின் பங்கும் அவ்வளவே; ஆயின் அதில் ரூ. 1,250 ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்ல, ரூ. 550 வைப்பு நிதியில் சேரும். ஆக மாதம் ரூ. 2,350. வட்டி வீதம் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது. 2024–25ஆம் ஆண்டுக்கு 8.25 விழுக்காடு. பாடத்திற்காக அதுவே நீடிப்பதாகக் கொள்வோம்.

முதலாண்டு முடிவில் கணக்கில் ரூ. 29,266 இருக்கும். எட்டாண்டுகள் இவ்வாறே சென்றால், செலுத்தியது ரூ. 2,25,600, வட்டியுடன் இருப்பது ஏறத்தாழ ரூ. 3,14,000. இருபது வயதில் சேர்ந்தவர்க்கு இப்போது இருபத்தெட்டு. ஆலை மாறுகிறார். 'பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடலாமே' என்னும் எண்ணம் எழுவது இந்தக் கட்டத்தில்தான்.

அப்படி எடுக்காமல், புதிய நிறுவனத்தின் கணக்கிற்கு மாற்றிக்கொண்டு, அத்தொகையை மட்டும் ஐம்பத்தெட்டு வயதுவரை தொடாமல் விட்டால்? விரிதாளில் முப்பது வரிகள் எழுதி, ஒவ்வொன்றையும் மேல்வரியின் 1.0825 மடங்காக்குக. முப்பதாம் வரியில் வருவது ஏறத்தாழ ரூ. 33,88,000.

நேர்மையான கணக்கு இத்துடன் நில்லாது. முப்பது ஆண்டில் விலைவாசியும் உயரும். ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், அன்றைய 33.88 லட்சத்தின் வாங்கும் ஆற்றல் இன்றைய 5.9 லட்சத்திற்கு நிகர். பத்து மடங்கு எனத் தோன்றியது, மெய்யாக ஏறத்தாழ இரு மடங்கிற்குச் சற்றுக் குறைவே. ஆயினும் அதே தொகையை இன்று எடுத்துச் செலவிட்டுவிட்டால் முதுமையில் எஞ்சுவது சுழி. பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. சிறிய எண்ணைக் கண்டு புறக்கணிக்கவும் ஆகாது. மேலும், பத்தாண்டுப் பணிக்காலம் நிறைந்தவர்க்கே வைப்பு நிதி நிறுவனத்தின் மாத ஓய்வூதிய உரிமை உண்டு. ஆலைதோறும் கணக்கை முடிப்பவர், அந்தப் பணிக்காலத் தொடர்ச்சியையும் இழக்க நேரிடும்.

நான்காம் பாடம்: கணக்கே காட்டிக்கொடுக்கும் பொய்

கையில் மொத்தமாகத் தொகை வருங்காலமே இடர் மிகுந்த காலம். விருப்ப ஓய்வுத் தொகை, நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீடு, வைப்பு நிதி ஆகியவை வந்த செய்தி பரவியவுடன் ஆலோசனை கூறுவோரும் வந்துவிடுவர்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்னும் நிறுவனம், மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ. 2,438 கோடி திரட்டியதாகத் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு தெரிவித்தது. 2022இல் வழக்குப் பதிவாயிற்று. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும் சட்டம் பின்னே வருவது. கணக்கு முன்னே நிற்பது.

மாதம் 25 விழுக்காடு என்னும் வாக்குறுதியை விரிதாளில் இட்டுப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் தருகின்றனர். அந்நிறுவனத்திற்கு வேறு வருவாய் இல்லை எனில், முதல் மாத வட்டிக்கு 25 லட்சம் வேண்டும். அதற்குப் புதியவர் 25 பேர் சேரவேண்டும். இரண்டாம் மாதம் 125 பேர்க்கு வட்டி; மேலும் 31 பேர். இவ்வாறு ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கை 1.25 மடங்காகும். 24ஆம் மாதம் 21,000 பேர். 36ஆம் மாதம் 3 லட்சத்து 8 ஆயிரம் பேர். 48ஆம் மாதம் ஏறத்தாழ 45 லட்சம் பேர். 61ஆம் மாதம் 8 கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்!

ஆகவே, 'நடத்துபவர் நல்லவரா, நம்பத்தக்கவரா?' என்னும் ஆராய்ச்சிக்கே இங்கு இடமில்லை. நல்லவரே நடத்தினும் நடவாதது இது. 'எங்களுக்கு ஒழுங்காக வட்டி வருகிறதே' என்று உறவினர் கூறுவதும் சான்றாகாது. தொடக்கத்தில் சேர்ந்தோர்க்கு ஒழுங்காக வருவதே இத்தகைய திட்டங்களின் இயல்பு. அது பின்னர் வருவோரின் அசல்.

கணக்கு கூறுவதும் கூறாததும்

மீண்டும் என் மருமகனிடம் வருவோம். பத்துத் தவணைகள் கட்டியிருந்தான். 21.57 விழுக்காட்டுக் கடனை உடனே தீர்த்துவிடவேண்டும் என்று துடித்தான். அட்டவணையில் பத்தாம் மாத முடிவு இருப்பு ஏறத்தாழ ரூ. 63,450. சேமிப்போ ரூ. 70,000. "கட்டிவிடுகிறேன் மாமா, இருக்கிற பணம் போதும்" என்றான்.

"கட்டிய பிறகு 'தாங்கும் மாதம்' எவ்வளவு என்று பார்" என்றேன். எஞ்சுவது ரூ. 6,550. மாதச் செலவு, தவணை நீங்கலாக, ரூ. 14,000. வகுத்தால் 0.47. பதினான்கு நாள்! ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பதே உறுதியில்லாத நிலையில் பதினான்கு நாள் இருப்புடன் நிற்பதா? வங்கிச் சேமிப்பிற்கு மிகக் குறைந்த வட்டி. கடனுக்கோ மிகுந்த வட்டி. வட்டிக் கணக்கு ஒன்றையே நோக்கினால் கடனைத் தீர்ப்பதே சரி. வாழ்க்கைக் கணக்கையும் சேர்த்து நோக்கினால் விடை வேறு.

இரண்டையும் தன் தந்தையிடம் எடுத்துக் காட்டினான். அவர் கணினி அறியாதவர். ஆனால் விதைநெல்லை எடுத்து உண்ணாதவர். "ஒப்பந்தம் புதுப்பிக்கிறவரை பணத்தைத் தொடாதே. எங்களுக்கு அனுப்புவதில் மாதம் இரண்டாயிரம் குறைத்துக்கொள். அதையும் சேர்த்து வை" என்றார். கடன் தீரவில்லை, ஆனால் அக்குடும்பத்தில் தந்தையும் மகனும் ஒரே தாளை நோக்கிப் பேசியது அதுவே முதன்முறை. வரவையும் கடனையும் ஒருவர்க்கொருவர் மறைக்காத வீட்டில்தான் கணக்கு பயன் தரும்.

பயிற்சிக் கணக்குகள்

இல்லத்தில் பள்ளிச் சிறாரையும் உடன் அமர்த்திக்கொண்டு செய்து பார்க்க:

1. ரூ. 50,000 கடன், நிலை வட்டி 10 விழுக்காடு, 12 தவணை. மெய்யான ஆண்டு வட்டி யாது?

2. சேமிப்பு ரூ. 36,000; மாதச் செலவு ரூ. 12,000, தவணை ரூ. 3,000. தாங்கும் மாதம் எத்தனை?

3. 'இரண்டு வட்டி'க்கு (மாதம் நூற்றுக்கு இரண்டு) வாங்கிய ரூ. 40,000, பதினெட்டு மாதத்தில் தனிவட்டியாயின் எவ்வளவு ஆகும்? கட்டாத வட்டி அசலோடு சேருமாயின் எவ்வளவு?

விடைகள்: (1) தவணை ரூ. 4,583.33, ஏறத்தாழ 18 விழுக்காடு. (2) 2.4 மாதம். (3) ரூ. 54,400, ஏறத்தாழ ரூ. 57,130.

நிறைவுரை

மிகுபொருள் விரும்பாமை நம் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து நோன்புகளுள் ஒன்று. இவ்வளவு போதும் என்று எல்லை வகுத்துக்கொள்ள விரும்புபவர், தம்மிடம் எவ்வளவு உள்ளது, எவ்வளவு தேவை என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? அளவறியாமல் அளவு வகுக்க இயலாது.

ஆகவே அன்பர்களே, அடுத்த ஊதிய நாளன்று ஒரு நாழிகை ஒதுக்குங்கள். ஆலையில் பணிபுரியும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது, கைப்பேசியில் அந்த ஆறு பத்திகளை அமைக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள கடன் ஒவ்வொன்றின் மெய்யான வட்டியையும் காணுங்கள். 'தாங்கும் மாதம்' என்னும் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த காலாண்டு இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவ்வெண் சற்றேனும் உயர்ந்திருக்குமாயின், இப்பாடம் பயனுற்றதாகும்.

வாழ்க நலமுடன்.